செந்தூருக்கு ரெண்டு முடி

தை 9, வெள்ளி

வாடைக்காற்று. விடியற்காலை உப்பளத்தில் எல்லோருக்கும் பல் அடித்துக்கொண்டது, என்னைத் தவிர. பூசக் கூட்டம் கழிந்தது. இனிப் பயண வேலை.

போகிறவர்கள்: தங்கச்சி புஷ்பம், அவள் புருஷன் வேலாயுதம் மாப்பிள்ளை, அவர்கள் மகள் செல்லக்கனி, நான். மாப்பிள்ளை வந்தால்தான் பயணம். ரங்கூனில் குண்டு விழுந்து, நடந்தே ஊர் வந்து சேர்ந்தார், ஆனி மாதம். அன்று முதல் என் வீட்டு உள்ளறை. வாசற்படி தாண்டவில்லை. கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. உயிரோடு வந்தால் செந்தூரில் முடி இறக்குவதாகப் புஷ்பம் நேர்ந்திருக்கிறாள். அவர் அசையவில்லை. அவரை வண்டியில் ஏற்றுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கவும் சொல்லிவிட்டேன்.

திட்டம்:
செந்தூர். முடி, கடல் குளிப்பு, நாழிக்கிணறு.
மணப்பாடு. குன்றில் நின்று கடல் பார்க்க.
பூநாரை. போகிற வழியில் நம் உப்பளத்திலேயே. என்னைக் கண்டால் பறக்காது, அவ்வளவு பழக்கம்.
வல்லநாடு. வெளிமான், செல்லக்கனிக்காக.

"வல்லநாடு மேக்க, செந்தூர் தெக்க. ஒரே வண்டியில எப்படிண்ணே?" என்றாள் புஷ்பம்.

எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும் என்றேன். பிறகு யோசித்து மானை எடுத்துவிட்டேன். நாலாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் அந்தக் காலத்து நாலாம் வகுப்பு.

தை 10, சனி

நல்லெண்ணெய்க் குளியல். தலை காய்ந்ததும் கிராப்பை வாரினேன். நெற்றியில் விழும் அந்த வளைவு இந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. முன்பு உப்பளத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரையே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மான் போனதில் செல்லக்கனி முகம் தூக்கிக்கொண்டாள். பாவநாசம் மலையில் நான் ஆனையை மறித்த கதையைச் சொன்னேன். முன்பு சொன்னபோது ஆனை சின்னது. இன்று கொஞ்சம் வளர்ந்துவிட்டது. "காதை விசிறி விசிறி ஆட்டுச்சு. அவ்வளவு கோவம். நான் குடையை விரிச்சேன், பாரு."

உள்ளறையிலிருந்து ஒரு குரல். "காதை ஆட்டுனா கோவம் இல்ல மச்சான்."

புஷ்பம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஆட்டாம விரிச்சு வச்சுக்கிட்டு நின்னாத்தான் ஓடணும்."

அவ்வளவுதான். யாரும் கேட்காமல் அவராகப் பேசியது. முருகா, உனக்கு நன்றி. ஆனைக்கும்.

தை 12, திங்கள்

உப்பளத்தில் லோடு. மதியம் திரேஸ்புரம். தோணி ஓட்டும் தண்டல் சூசை பழைய சிநேகிதன். முயல் தீவுக்கு ஒரு நடை, போகும்போது ஓங்கில் மீன் துள்ளுவதைச் செல்லக்கனிக்குக் காட்டலாம் என்று போனேன்.

"சண்டைக் காலம் மேஸ்திரி. சீட்டு இல்லாம சவாரி ஏத்த விட மாட்டாக. நீரு சொன்னா கடல் கேக்கும், கஸ்டம்ஸ் கேக்காது."

"நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"சொல்லாதேயும். எனக்குத் தோணி ஒண்ணுதான் இருக்கு."

ஓங்கிலும் போயிற்று. சூசை நல்லவன். காய்ந்த சாளை மீன் ஒரு பொட்டலம் கட்டித் தந்தான். மணப்பாட்டுக் குருசு கோயிலில் அவன் பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னான். மாப்பிள்ளை பேருக்கும் ஒன்று, அவன் செலவில்.

இரண்டு நாளாக ஆனைக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன், வேண்டுமென்றே தப்பாக. உள்ளே இருந்து சத்தமில்லை.

தை 13, செவ்வாய்

பெரிய தப்பு நடக்க இருந்தது. புஷ்பம் பிடித்துவிட்டாள்.

"நேரே செந்தூருக்கா? சாஸ்தாவைக் கும்பிடாமலா?"

குலதெய்வத்தை முதலில் கும்பிடாமல் எங்கள் ஆட்கள் செந்தூரில் முடி கொடுப்பதில்லை. எனக்குத் தெரியாததா. பூநாரை யோசனையில் விட்டுப்போயிற்று. சாஸ்தா இருப்பது தேரிக்காட்டுக்குள். செம்மணலில் வண்டிச் சக்கரம் புதையும். இறங்கி நடக்கத்தான் வேண்டும். வாசற்படி தாண்டாதவரை மணலில் நடத்துவது எப்படி? தேரியில் மயில் உண்டு, நரி உண்டு, செல்லக்கனி பார்ப்பாள் என்று உரக்கச் சொன்னேன், உள்ளே கேட்கட்டும் என்று.

கேட்டது. மாப்பிள்ளை வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நடக்க எனக்கு என்ன மச்சான். நடந்தவன்தான். அவ நேந்தது ரெண்டு தலைக்கு."

எனக்குத் தெரியாது. புஷ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணு, தம்பி முத்துராசுக்கு ஒண்ணு. அவனை மலையில காய்ச்சல்ல விட்டுட்டு வந்திருக்கேன். ரெண்டு முடி சொல்லிட்டு ஒண்ணை மட்டும் கொண்டுபோய் எப்படிக் குடுக்க? சாமி கேக்காதா, மத்தவன் எங்கன்னு?"

முத்துராசு கப்பலேறுவதற்கு முன்பு என் வீட்டில்தான் இரண்டு நாள் இருந்தான். கூழ் வற்றல் பிடிக்கும்.

தை 15, வியாழன்

இன்று கிளம்புவதாக இருந்தது. தெற்கே சூலம். நல்லதாயிற்று.

சந்தையில் சாஸ்தா கோயில் பூசாரியைப் பார்த்தேன். எல்லாம் சொன்னேன். வர முடியாதவன் தலைக்குப் பதில், பெண் கொடுத்த வீட்டு ஆண் ஒருவன் தலை கொடுத்தால் சாமி ஏற்கும் என்று சொன்னார். அவர் வாயால் சொன்னது "வாங்க, பாப்போம்" என்பதுதான். சொல்ல வந்தது இதுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டில் வந்து சாமியே வந்து சொன்னதுபோல் சொன்னேன். "ரெண்டாவது முடி என்னுது மாப்ளே."

செல்லக்கனி சிரித்தாள். "மாமா, கிராப்பு?"

"போனா வரும்ளா. இதைவிட வளைஞ்சு வரும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "பூசாரி அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான்."

நெடுநேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அதில் எனக்குப் பழக்கம் உண்டு. "சரி மச்சான்" என்றார். புஷ்பம் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. விறகுப் புகை என்றாள். அடுப்பு பற்றவைக்கவேயில்லை.

எடுத்துவைத்தது: வேட்டி 4, புளிச்சோறு, தண்ணீர்ச் செம்பு, சூசையின் சாளை (சாமி கும்பிட்டு முடியும் வரை மூட்டையில்), என் சீப்பு. சீப்பை மட்டும் திரும்ப வெளியே எடுத்துவிட்டேன்.

தை 16, வெள்ளி

பனி. வண்டி வந்தாயிற்று. மாப்பிள்ளை வாசற்படி தாண்டினார். யாரும் பிடிக்கவில்லை. முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவர்தான்.

வண்டிக்காரன் சுடலை மூட்டையை ஏற்றிக்கொண்டே கேட்டான். "ரெண்டு பேரும் முடி எறக்கப் போறீகளாமே. அவுக பர்மாவுல இருந்து நடந்து வந்தாக, சரி. அண்ணாச்சி எங்கன நடந்தீக? வீட்டுக்கும் உப்பளத்துக்குமா?"

வாயைத் திறந்தேன். எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அந்த நடையைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு சொல் கூட்டியதில்லை. இப்போதும் வரவில்லை.

வண்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளை, "மச்சானும் எங்ககூடத்தான் நடந்தாரு."

சுடலை கயிற்றை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மெய்யாவா? வழியில ஆனை கண்டீகளோ?"

"மச்சான்தான் முதல்ல கண்டது. காதை விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஓடுங்கலேன்னு சத்தம் போட்டாரு. அதான் இங்கன இருக்கேன்."

மூக்குக் கண்ணாடியை மறந்ததாகச் சொல்லி உள்ளே வந்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. ரெண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம் என்று. கூப்பிடுகிறார். அவர்தான் கூப்பிடுகிறார்.