செண்பகம் என்று ஒரு பெண் இல்லை

அன்பு மகள் ஹெலனுக்கு அப்பா எழுதுவது,

குழந்தை இயேசுவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த நார்வே குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனாலும் வியாழக்கிழமை நவநாள் செபத்துக்கு நடந்துதான் போவேன் என்று பிடிவாதம், விவேக் நகரில் அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் ஆட்டோவும் நகராது என்பதால் நானும் கூடவே நடக்கிறேன். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன், என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

சுனாமிக்குப் பிறகான நாகப்பட்டினத்தைப் பற்றி என் மகள் யுனிவர்சிட்டியில் பாடம் நடத்துகிறாள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், உன் மாணவர்களிடம் வீடியோவில் நான் பேச வேண்டும், உன் கிறிஸ்துமஸ் ஃப்ராக்கை வாங்கிக்கொண்ட செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஜனவரியில் அவர்களை நாகப்பட்டினம் கூட்டி வரும்போது அவளைத் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று. நானும் தலையை ஆட்டினேன். தேடாதே ஹெலன். செண்பகம் என்று ஒரு பெண் இல்லை.

உனக்கு அப்போது எட்டு வயது. கிறிஸ்துமஸுக்குத் தைத்த மஞ்சள் ஃப்ராக், பூசைக்கு ஒரே ஒரு தடவை போட்டது, மறுநாளே கடல் வந்துவிட்டது. கோயிலில் துணி சேர்த்தபோது பழசைக் கொடு என்ற அம்மாவிடம் சண்டை போட்டு அந்தப் புதுசைத்தான் கொடுத்தாய். பரிசு வந்த கலர் பேப்பரில் நீயே சுற்றி, மூட்டையில போடாதீங்கப்பா, என் வயசுப் பொண்ணா பாத்துக் கையில குடுங்க என்றாய். ஒக்கலிபுரம் ஆதிகேசவன் லாரியில் நாலு பேர் கிளம்பினோம், வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகிறவன் என்று என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். நாகப்பட்டினத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஜனங்கள் எதிரே ஓடி வந்தார்கள், மறுபடி தண்ணி வருது, ஓடுங்க என்று. ஆதிகேசவன் வண்டியைத் திருப்பினான், பாரத்தில் சக்கரம் ரோட்டோர மண்ணில் புதைந்தது. மூட்டையைத் தள்ளுங்கடா என்று முதலில் கத்தியது நான்தான். எல்லாவற்றையும் ரோட்டில் தள்ளித்தான் வண்டியை மேலே ஏற்றினோம். உன் ஃப்ராக் என் கையில் இருந்தது, அது என்ன பெரிய பாரம், சொல்லு. அதையும் சேர்த்து எறிந்தேன்.

தண்ணீர் வரவில்லை. அது வெறும் புரளி என்று திருவாரூரில் ரேடியோவில் சொன்னார்கள். திரும்பிப் போய் மூட்டையெல்லாம் எடுத்துடலாமாண்ணா, முக்கால் மணி நேரம்தானே என்று ஆதிகேசவன் கேட்டான். வேணாம், ஊருக்கு விடு என்றேன். பயந்ததுகூடப் போகட்டும், யாருக்குத்தான் பயமில்லை, பயம் தெளிந்த பிறகு வேண்டாம் என்றேனே, அதை நினைத்தால்தான் இந்த வயதிலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வரும் வழியில் கிருஷ்ணகிரியில் டீ குடித்தோம், பலகையில் செண்பகம் டீ ஸ்டால் என்று எழுதியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நீ ஓடிவந்து, அந்தப் பொண்ணு பேரு என்னப்பா என்றாய், வாயில் அதுதான் வந்தது. ஃப்ராக் சரியா இருந்துச்சா என்றாய், கொஞ்சம் லூஸ் என்றேன். இத்தனை வருஷமாக அம்மா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், நான் பக்கத்தில் நின்று தீப்பெட்டி எடுத்துக் கொடுக்கிறேன், வெட்கம் கெட்டவன்.

அதே ஞாயிற்றுக்கிழமை, ரோட்டோரம் துணி குவிந்து கிடக்கிற படத்தை உன் பாடத்திலிருந்து காட்டி, எல்லாரும் இப்படிக் கொட்டிட்டுப் போனாங்க, எங்கப்பா மாதிரி கையில குடுத்தவங்க எத்தனை பேரு என்றாய். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி நான் வாங்கியது எதற்குத் தெரியுமா? கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிசாக்கிப் பெரிசாக்கி எங்கேயாவது மஞ்சள் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. உன் மாணவர்கள் முன்னால் நான் பேச வேண்டுமென்றால் இதைத்தான் பேசுவேன், வேண்டாம் என்று நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பார். ஈரத் தலையோடு வெளியே போகாதே, வைட்டமின் மாத்திரையை மறக்காதே. அப்பா மேல் கோபம் இருந்தாலும் அம்மாவுக்கு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. இராஜமாணிக்கம்

பி.கு.: அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முடிக்கும்வரை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பிள்ளை சுத்திக் குடுத்த பேப்பரைக்கூடப் பிரிக்காமலா எறிஞ்சீங்க என்று. ஆமாம் என்றேன்.