அப்பா வில்லனான கதை

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
10.2.1988

அன்பு மகள் சீதாலெட்சுமிக்கு அப்பா எழுதுவது. முருகன் தயவில் நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த லண்டன் குளிரில் கம்பளியும் கையுமாகச் சுகமாக இருக்க வேண்டும். என் வயிறு மட்டும் ஒரு வாரமாகச் சரியில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் நம் ரயில்வே ஆட்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் வழக்கம்போல் மோர் ஊற்ற நின்றேன். பக்கத்து வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது, என் முன்னால் ஈ காக்கை இல்லை. கடைசியில் ஓர் அம்மாள் வந்து, "முதல்ல நீங்க ஒரு டம்ளர் குடிங்க அண்ணே, அப்புறம் நான் வாங்கிக்கிறேன்" என்றார். குடித்துக் காட்டினேன். பின்னால் வந்தவரும் அதையே கேட்டார். இப்படியே பதினோரு டம்ளர்.

வியாழக்கிழமை டிவி நாடகத்தில் நான் நடிப்பதை அம்மா எழுதியிருப்பாள். லோரி கம்பெனி முதலாளி சிதம்பரநாதன், அதுதான் என் வேஷம். போன மாதம் ஒளிபரப்பான பகுதியில் தம்பிக்கு மோரில் விஷம் வைத்தேன், அதன் பலன்தான் மேலே சொன்னது. பாசாரில் மீன் விற்கும் இராஜம்மா எனக்கு மீன் தருவதில்லை, வீட்டு அக்காவை அனுப்புங்க, பாவம் அவங்க என்கிறாள். கோவிலில் பிரசாதம் கொடுப்பதிலிருந்து என்னை மாற்றிச் செருப்பு பார்த்துக்கொள்ளப் போட்டிருக்கிறார்கள். ஒரு ஜோடிகூடத் தொலையவில்லை, அதில் கமிட்டிக்கு ரொம்பச் சந்தோஷம்.

இந்த ஆள் ஏன் கெட்டுப்போனான் என்று டைரக்டர் கார்த்திகேசுவிடம் கேட்டேன். வில்லன்னா வில்லன்தான் லா அண்ணே என்று போய்விட்டான், சின்னப் பையன். எனக்கு மனசு ஆறாமல் கதையை மூன்று தடவை படித்தேன். முதல் வாரத்தில் அவன் நல்லவன்தான், வீட்டில் யார் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்வான், அவ்வளவுதான். மகன் ஒருநாள் கேட்காமல் கிள்ளானுக்கு லோரியை எடுத்துப்போகிறான். மறுநாளே எல்லாச் சாவியும் அப்பன் இடுப்புக்கு வந்துவிடுகிறது. மகன் கள்ளச்சாவி செய்கிறான், அப்பன் பிரேக்கை அறுக்கிறான். தம்பி அதைக் கண்டுபிடிக்கிறான், மோரில் விஷம். ஒன்று கையைவிட்டு நழுவினால் இரண்டை இறுக்கிப் பிடிக்கிறான், கண்ணு, அப்படியே பிடித்துப் பிடித்துத்தான் பாவி ஆகிறான். நானும் முப்பது வருஷம் சிக்னல் கேபினில் இருந்தவன். நான் லீவரை இழுக்காமல் ஒரு ரயில் நகர்ந்ததில்லை. அவனை எனக்கு நன்றாகவே புரிந்தது, அதுதான் பயமாக இருந்தது.

போன வியாழன் வந்த பகுதியில் அவன் மகளுக்கு வெளிநாட்டு வேலைக்குக் கடிதம் வருகிறது. அதை அவன் அடுப்பில் போட வேண்டும், கதையில் அப்படித்தான் இருந்தது. படம்பிடிக்கும்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. இவன் எரிக்க மாட்டான், கையிலேயே வைத்திருப்பான் என்று சண்டை போட்டேன். அப்படியானால் செய்து காட்டுங்கள் என்றான் கார்த்திகேசு. கடிதத்தை மூன்றாக மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி, படத்தை நேராக்கி, திருநீறு பூசிக் கும்பிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அத்தனை இயல்பாக எப்படி வந்தது என்று கேட்டதற்கு மேடை அனுபவம் என்றேன்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வீட்டு டிவியில் அதைப் பார்த்தாள். முடிந்ததும் எழுந்துபோய் நம் வீட்டு முருகன் படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள். உன் கடிதம் கீழே விழுந்தது.

ஆமாம் சீதா, 1981இல் நர்ஸ் படிப்புக்கு லண்டன் ஆஸ்பத்திரி உனக்குப் போட்ட கடிதம். பதிலே வரவில்லை, அவர்களுக்கு நான் வேண்டாமாம் என்று நீ சாப்பிடாமல் அழுதாயே, அன்றைக்கு அது உன் தலைக்கு மேலேதான் இருந்தது. தபால்கார நாகையாதான் தொலைத்திருப்பார் என்று நானே கிளப்பிவிட்டேன். வாசலில் நிறுத்தி வைத்து அவரைத் திட்டவும் செய்தேன். அம்மா ஏழு தீபாவளியாக அவருக்கு முறுக்கு கொடுக்கவில்லை. நீ கெட்டிக்காரி, மறுவருஷம் திரும்பவும் எழுதிப்போட்டுக் கிளம்பிவிட்டாய். நீ கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நான் இழுக்காமல் நீ நகர்வதைத் தாங்க முடியவில்லை. உன் ஒரு வருஷத்தைத் திருடினவன் நான்தான். மன்னித்துவிடு கண்ணு.

ஆறு நாளாக அம்மா என்னிடம் பேசவில்லை. "நீங்களே எழுதுங்க" என்று சொன்னதோடு சரி. ஏழு தீபாவளிக்கும் சேர்த்து ஏழு டின் முறுக்கு சுட்டிருக்கிறாள். இதை எழுதும்போது நாகையா நம் ஹாலில் உட்கார்ந்து இரண்டாவது டின்னைத் தின்றுகொண்டிருக்கிறார். நான் தபால்பெட்டிவரை போவேன் என்று அம்மா நம்பவில்லை, என் கையிலிருந்தே வாங்கிப்போக அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ நீண்ட ஆயுளோடு, யார் தடையும் இல்லாமல், நினைத்த இடத்துக்கெல்லாம் போய்வர வேண்டும். ராத்திரி டியூட்டி பற்றி நாலு புத்திமதி எழுதத் தோன்றியது, எழுதவில்லை. பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட்டால், திட்டியாவது, கவரில் அம்மா பெயரோடு என் பெயரையும் சேர்த்து எழுது.

நாகையா கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே இரண்டு கடிதமும் இருக்கிறதா என்று அவரே எண்ணிப் பார்ப்பாராம். பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பக்கிரிசாமி