கல்லாற்றிலிருந்து தகவல் வராத பத்து நிமிடம்

என் பிரியமுள்ள மைனிக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. பயம் தெளிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது தெளிகிற மாதிரி இல்லை. அதனால் பயத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

காலேஜில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை நான்தானே அண்ணனுக்குப் பேசி முடித்தேன். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து உன்னை மைனி என்று கூப்பிட்டாலும், 'நீ' என்று பேசுவதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. அம்மா எத்தனை தடவை திட்டியிருப்பாள்!

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? யாரும் உன்னிடம் சொல்லியிருக்க முடியாதே. கல்லாற்றில் நல்ல வெயில். நீ ஆற்று நடுவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாய். அண்ணன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். நான் கரையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மேலே பொன்முடி மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது நம் யாருக்கும் தெரியாது. கனமான லாரி ஒன்று வளைவில் ஏறுகிற மாதிரி சத்தம் கேட்டது. லாரி என்றுதான் நினைத்தேன், மைனி. திரும்பி ரோட்டைப் பார்த்தேன். அது ஆறு என்று புரிந்து நான் கத்துவதற்குள் பாறையே தெரியவில்லை.

ரோட்டைப் பார்த்த அந்த ஒரு நொடியை என்ன செய்வது? நீயே சொல்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பிளவுஸ் தைத்தேன், சாப்பிட்டேன், குளியலறையில் குழாயை முழுசாகத் திறக்கப் பயந்தேன். ஒரு நாள் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் ஒருத்தி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடக்கிறதாம். ஆறு, மழை, மண் இதையெல்லாம் அந்தந்த இடத்திலேயே அளக்கிற கருவியை நாமே செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம். வலியசாலையில் தையல் மெஷின் மிதிக்கிறவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று அண்ணன் கேட்டான். போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு எடுத்த ஸ்ருதிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் நாள் பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சின்னதாகப் புகை வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல் வரை ஓடிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்ருதி மல்டிமீட்டரை என் கையில் கொடுத்து, "சேச்சி, பவர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும். பயம் இருக்கிறவங்கதான் மறக்காம அளப்பாங்க" என்றாள். அதன் பிறகு நான் ஒரு வகுப்பையும் விடவில்லை.

ஈயம் உருக்கி ஒட்டுவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கிற கைதானே. கஷ்டமெல்லாம் வெளியே கொண்டுபோனதும்தான் தெரிந்தது. மேஜையில் ஒழுங்காக ஓடியது மழையில் ஓடாது. பெட்டிக்குள் ஈரம் இறங்கும், கம்பி முனை பச்சை பிடிக்கும், சோலார் பேனல்மேல் இலை விழும்.

நான் செய்தது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. பாலத்துக்கு அடியில் தொங்கும் ஒரு பெட்டி. கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்கு அனுப்பும். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, கல்லாறு கடைகளுக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே, ஆறு இறங்கி வருகிற வழியில் இருக்கிற இரும்பு நடைப்பாலத்தில் கட்டினோம். ஸ்ருதிதான் ஏணியில் ஏறினாள். நான் ஆற்றில் இறங்கி நிற்க முடியாமல் கரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை.

ஆற்றோரம் சாயாக்கடை வைத்திருக்கும் ஷைலஜா சேச்சியை உனக்கு ஞாபகம் இருக்காது. அன்று உன்னைத் தேட முதலில் இறங்கியவள் அவள்தான். தண்ணீர் ஏறினால் நான் போன் பண்ணுவேன், அவள் விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றுவாள் என்று பேசிக்கொண்டோம்.

முதல் தடவை கூப்பிட்டபோது தண்ணீர் ஏறவே இல்லை. சென்சார் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. இரண்டாவது தடவை பாலத்தில் ஒரு கிளை சிக்கியிருந்தது. இரண்டு தடவையும் சேச்சி எல்லாரையும் ஆற்றிலிருந்து விரட்டினாள். வந்தவர்கள் அவளைத் திட்டிவிட்டு, கடையில் ஒரு சாயாகூடக் குடிக்காமல் போனார்கள். "செல்வி, இனி நல்லா தெரிஞ்சிட்டுக் கூப்பிடு, கேட்டோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாய்க்கு வலை போட்டோம். மூன்று முறை அளந்து ஒத்துவந்தால் மட்டும் அனுப்புகிற மாதிரி மாற்றினோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நம் தெருவில் சுள்ளென்று வெயில், மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. போனில் ஆறு அமைதி என்று வந்தது. அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பேட்டரி தீர்ந்திருக்கும். இல்லேன்னா ரேஞ்ச் இருக்காது. வெறுதே அந்தச் சேச்சியப் பயப்படுத்தாத" என்றான்.

கடைசியாக வந்த தகவலைப் பார்த்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. சிக்னலும் இருந்தது. தண்ணீர் ஏறியது என்று ஒரு எண் வந்திருந்தால் தைரியமாகக் கூப்பிட்டிருப்பேன். ஒன்றுமே வராததை வைத்து என்ன சொல்வது? இந்தத் தடவையும் பொய்யாகப் போனால் சேச்சி இனி என் போனையே எடுக்கமாட்டாள். பொய்யாகப் போகாவிட்டால்?

கூப்பிட்டேன்.

"ஆளுங்க இருக்காங்களா, சேச்சி?"

"ஏழெட்டுப் பேர் இருக்காங்க. கைக்குழந்தையோட ஒரு பொண்ணும் பாறைமேல உட்கார்ந்திருக்கு. ஏன், தண்ணி ஏறுதா?"

"தெரியலை."

"இங்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு, செல்வி."

"அன்னைக்கும் அப்படித்தான் கிடந்தது. பெட்டி பேசமாட்டேங்குது, சேச்சி. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் கூப்பிடறேன்."

அவள் போனை அணைக்காமலே எங்கேயோ வைத்தாள். விசில் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல் மலையாளத்தில் சண்டை போட்டது, மழையே இல்லையே என்று. சேச்சி அவனை ஒரு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. குழந்தை அழுதது. மறுபடி விசில்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. போன் வழியாக, வெயில் அடிக்கிற நம் கூடத்துக்குள். இந்தத் தடவை நான் லாரி என்று நினைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன். அண்ணன் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் கேட்டது. என் தோளை அவன் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

சேச்சி எப்போது பேசினாள் என்று சொல்லத் தெரியவில்லை. "எல்லாரும் மேல இருக்காங்க" என்றாள். "குழந்தை என் மடியில இருக்கு."

மறுநாள் நீ நம்பமாட்டாய், அண்ணனே காரை எடுத்தான். நீ போனதிலிருந்து அவன் அந்த ரோட்டில் போனதே இல்லை. நடைப்பாலத்தின் கம்பி வளைந்து கிடந்தது, பெட்டி இல்லை. ஆறு இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவர்கள் பிழைத்தது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. என் பயம் அன்றைக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவை?

சேச்சி எங்களுக்குச் சாயா போட்டுத் தந்தாள். அண்ணனை யார் என்று கேட்டாள். அவன் உன் பெயரைச் சொல்லி, "அவளோட வீட்டுக்காரன்" என்றான். மூன்று வருஷமாக உன் பெயரை அவன் வாயால் நான் கேட்டதில்லை.

இப்போது இரண்டு பெட்டி செய்கிறேன். ஒன்று இன்னும் மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில். நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். பெட்டி பேச்சை நிறுத்தினால் அதற்கே சேச்சியின் கடையில் மணி அடிக்கும். அண்ணன் அளந்து பார்த்துவிட்டுத்தான் பவர் கொடுக்கிறான். அவனுக்கும் பயம்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மைனி. பெட்டி சரியாக வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நிச்சயமாகத் தெரிந்த பிறகு கூப்பிடலாம் என்று இனி நான் காத்திருக்கமாட்டேன். பத்துத் தடவை பொய்யாகப் போகட்டும், ஊரே என்னைத் திட்டட்டும். பதினோராவது தடவையும் கூப்பிடுவேன்.

என்றும் உன் நாத்தனார்,
செல்வி
வலியசாலை