நான்கு டிகிரி என்று எழுதிய நோட்டு

என் அருமை மகளுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க இறைவன் துணை நிற்கட்டும். மனசுதான் ஒன்பது நாளாக ஒரு நிலையில் இல்லை. போனில் நீ "உறைய வச்சுப் பாத்ததுல நாப்பதுல முப்பத்தாறு புழு செத்துப்போச்சும்மா, நான் நெனச்சதே தப்பு, ஆராய்ச்சிய விட்டுட்டு வேற வேல தேடிக்கறேன்" என்றாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் போனை அப்பா கையில் கொடுத்துவிட்டேன்.

நம் வீட்டுப் பின்பக்கத்து மரப்பட்டையில் எடுத்த வண்டுப் புழுக்களை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தபோது, ஆறு வாரம் இருட்டிலும் குளிரிலும் கிடந்தால்தான் அதுகள் உடம்பில் அந்தப் புரதம் ஊறும், உள்ளே பனி ஒரு பொட்டு கட்டினாலும் அது போய் ஒட்டிக்கொண்டு வளரவிடாது, கடுங்குளிரிலும் உயிர் தங்கும் என்று சொன்னாய். எனக்குப் புரியத்தான் செய்தது, நூலகத்தில் புத்தகம் எடுத்தும் படித்தேன். ஆனாலும் நாற்பது உயிரை இருட்டில் அடைத்துவிட்டு நான் மட்டும் விளக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிட மனசு வரவில்லை. தினம் காலையில் டப்பாவை எடுத்து வந்து விளக்கருகில் வைத்துக்கொண்டேன், பிரார்த்தனை முடிய இரண்டு மணி நேரமாகும். அப்பாகூட "புழுவுக்கும் மோட்சத்துக்கு டிக்கெட் போடறியா" என்று கிண்டல் செய்தார். பிறகு உள்ளே வைத்து, சாயங்காலம் நீ கொடுத்த தெர்மாமீட்டரைப் பார்த்து நான்கு டிகிரி என்று நோட்டில் எழுதுவேன். வெளியே இருந்த நேரத்தை ஒரு நாளும் எழுதவில்லை, கும்பிடுகிற நேரத்தைக் கணக்கில் சேர்க்கிற பழக்கம் எனக்கில்லை. உன் தோழி வந்து டப்பாவை உங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிப் போனபோதும் வாய் திறக்கவில்லை.

அப்பா "அவளே ரெண்டு நாள்ல தேறிடுவா, நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கற" என்கிறார். என்னால் முடியவில்லை. ஐந்து வருஷப் படிப்பை நீ உதறப் போவது நான் செய்த காரியத்தால். அதனால்தான் செத்தன என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது, ஆனால் உன் எண்ணம் தப்பென்று சொல்ல அந்தப் புழுக்கள் சாட்சியாகாது என்பது தெரிகிறது. நாற்பத்திரண்டு நாளுக்கும் எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்கு வைத்தேன் என்று நினைவுள்ளவரை சிவப்பு மையில் எழுதி நோட்டை இத்துடன் அனுப்புகிறேன், நினைவில்லாத ஏழு நாளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

என் மேல் கோபப்படு, பேசாமலும் இரு, பொறுத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சியை விடுவதாக எழுதிக் கொடுக்கும் முன் இந்த நோட்டை உன் பேராசிரியரிடம் காட்டிவிடு. யார் செய்தது என்று கேட்டால் மழுப்பாதே, எங்கம்மா என்றே சொல். கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். கம்பளிச் சட்டையை மறக்காதே.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
அம்மா