வாப்பாவின் மிளகு மெஷின் தாள்கள்

அலுவிகாரை

அன்பு மகன் றினோஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய காவலில் நானும் உன் தங்கச்சி ஜெஸ்லாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முறுக்குகிறது, நீயும் கொரியாவில் தேக சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இறைச்சி வாங்கும்போது கடைக்காரன் ஹலால் என்று சொன்னால் நம்பிவிடாதே, பாக்கெட்டைத் திருப்பிப் பார். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசுவதை யார் யார் கேட்கிறார்களோ தெரியாது, இது வாப்பாவின் மெஷின் விஷயம்.

போன மாதம் கண்டியிலிருந்து தர்ஷிகா என்று ஒரு பிள்ளை வந்தது. ஒரு ஆவணக் காப்பகத்தில் வேலையாம். கம்பனி, கெம்பஸ் எதிலும் சேராமல் தனியாக எதையாவது கண்டுபிடித்தவர்களின் படங்களையும் கடிதங்களையும் சேர்த்து, பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்களாம். வாப்பா செய்த மிளகு உதிர்க்கும் மெஷினை ரத்தோட்டையில் ஒரு வீட்டில் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது. முன்பு இப்படித்தான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, வாப்பாவிடம் ஜைனுதீன் நானா, ஜைனுதீன் நானா என்று தேன் ஒழுகப் பேசி, அவர் கீறின மெஷின் படத்தையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார், அடுத்த மிளகுப் போகத்துக்கு அதே மெஷின் பெயின்ட் அடித்து மாத்தளைக் கடையில் நின்றது. அன்று வாப்பா சோறு சாப்பிடாமல் படுத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அதை முதலில் செய்தது வாப்பாதான் என்பதற்கு, கலண்டர் தாள்களின் பின்பக்கம் பேனையால் கீறி அவர் பெயர் போட்ட படங்கள் மட்டும்தான் மிஞ்சின.

தர்ஷிகா அந்தப் படங்களைக் கேட்டது, இதைக் கொண்டுபோனால் உங்களுக்கு என்ன லாபம் என்றேன். ஒண்ணுமில்லைங்க உம்மா, யாரு முதல்ல செஞ்சாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா காட்டணும்ல என்றது. லாபமில்லாமல் பஸ் ஏறி வருகிற ஆளை நான் கண்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கிழிந்த குர்ஆன் தாள்களையும் பழைய ஓதல் கித்தாபுகளையும் போட்டு வைக்கும் துணிப்பைக்குள் படங்களைச் செருகி, அலுமாரிக்கு மேலே வைத்தேன். கைகால் கழுவி ஒளு எடுக்காமல் அந்தப் பையை ஒருவரும் தொடமாட்டார்கள், கள்ளனும் தொடமாட்டான் என்று நினைத்தேன். ஜெஸ்லாவிடமும் சொல்லவில்லை, அவள் வாயில் ஒன்றும் நிற்காது. பிறகு நான் இறந்தவருக்கு ஓதும் ஒரு கத்தத்துக்குப் போயிருந்த அன்று தர்ஷிகா திரும்ப வந்து ஜெஸ்லாவோடு பேசிவிட்டுப் போயிருக்கிறது. நான் வந்து பார்த்தால் பை இல்லை. வேறு யார் எடுப்பார்கள், தர்ஷிகாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அது சத்தம் போடவில்லை. வீட்டுல இன்னொருக்கா கேட்டுப் பாருங்க உம்மா, தாள் கிடைச்சா எனக்குத் தராட்டியும் பரவாயில்லை என்றது. நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

ஜெஸ்லாவிடம் கேட்டால், நோன்பு வருதுன்னு பள்ளிவாசல்ல இருந்து ஜிப்ரி நானா கிழிஞ்ச குர்ஆன் தாள் சேர்க்க வந்தாங்க, பையோட குடுத்தேன், நன்மைதானே உம்மா என்கிறாள். பள்ளிக்கு ஓடினேன். வழக்கப்படி தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்து எழுத்தைக் கரைத்து, கால் படாத இடத்தில் புதைத்துவிட்டார்கள். சக்கரம் சக்கரமா நம்பர் போட்டுக் கிடந்திச்சு, யாரோ தாயத்துல ஓதிக் கட்டுற இஸ்முன்னு நினைச்சுட்டேன் ராத்தா என்று ஜிப்ரி தலையில் கைவைத்து நின்றார். அவரைத் திட்டி என்ன செய்ய, ஒளித்தது நான்.

தர்ஷிகாவிடம் சொல்ல எனக்கு முகமில்லை, ஆனாலும் சொன்னேன். அது அழுவது கேட்டது. வாப்பா மௌத்தான பிறகு அவருடைய வேலைக்காக ஒருவர் அழுது நான் இப்போதுதான் கேட்கிறேன், மகன். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டது. நீதான் இருந்தாய், கைப்பிடியைச் சுற்றினவன் நீ. எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல், காம்பு உடையாமல் மணி மட்டும் உதிர அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும், நான் ஒருநாளும் கேட்கவில்லை. லீவு நாளில் உட்கார்ந்து எழுது, கீறு. மறந்ததை மறந்தது என்றே எழுது, அவர் பெயரில் பொய் சேர வேண்டாம். நானே கண்டிக்குக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கிறேன்.

அல்லாஹ் உன் ஞாபகத்திலும் கையிலும் பரக்கத் செய்வானாக. பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பு. ஒரு பிரதியை நீ வைத்துக்கொள், அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று எனக்கும் சொல்லாதே.

துஆவுடன்,
உன் உம்மா நோனா