புகைக்கறைக்குக் கீழே இருந்த பெயர்

12.3.1996, செவ்வாய்

எழுத்துக்குள் கரி எடுக்கிற பல் துலக்கும் பிரஷ் மறுபடியும் தேய்ந்துவிட்டது. முதலாளி லியூவிடம் கேட்டால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார். லேசர் மிஷின் பலகையில் எழுத்தைச் சுட்டுவிட்டு நிம்மதியாக நின்றுவிடுகிறது. அதன் புகை எழுத்தைச் சுற்றிப் பழுப்பாகப் படிந்து கிடக்கும். அதைத் துடைப்பதுதான் இந்தச் சிரம்பான் பெயர்ப்பலகைக் கடையில் என் வேலை. ரப்பர் மரம் வெளிறிய மரம். சின்னக் கறையையும் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு, பிழிந்து, மர ரேகை ஓடுகிற பக்கமாகவே துடைக்க வேண்டும். ஈரம் கூடினால் கரி உள்ளே இறங்கிவிடும்.

மத்தியானம் ஒரு கல்யாணப் பலகை வந்தது. மண்டப வாசலில் வைப்பது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தேன். எழுத்தெல்லாம் கரி. மணமகள் பெயரை முதலில் துடைத்தேன். பூங்கொடி. நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மணமகன்.

அமிர்தலிங்கம் த/பெ ராமசாமி.

என் வீட்டுக்காரர் பெயர். என் மாமனார் பெயர்.

உலகத்தில் ஒரே ஒரு அமிர்தலிங்கமா இருக்கிறான்? அவர் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார். தீபாவளிக்கு வந்தார், மகள் மலர் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், போனார். அதற்குப் பிறகு வரவில்லை. வேலை அதிகம் என்றார். நானும் நம்பினேன்.

பலகையை முழுசாகத் துடைத்து முடித்தேன். ஒரு கறை விடவில்லை.

13.3.1996

தூங்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

15.3.1996, வெள்ளி

பெண்ணின் அப்பாவே கடைக்கு வந்தார். திருநாவுக்கரசு. கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“மந்தின் பக்கம்தாம்மா. ஜொகூர்ல லோரி ஓட்றாரு. அப்பா அம்மா இல்ல. கைல சுண்டு விரல் பாதி இல்ல, அதனால என்ன, நல்ல மனுசன்.”

மந்தின் எங்கள் ஊர். அந்த விரல் லோரிக் கதவில் நசுங்கியபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். தினமும் கட்டு மாற்றியவள் நான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் கடை நிறைய ஆட்கள். அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார், எல்லார் முன்னாலும் தலை குனிய? அதோடு, இது முதலில் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டிய விஷயம். எழுத்துக்குள் இன்னும் கொஞ்சம் புகை இருக்கிறது, சேலையில் ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்து ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு சாக்குச் சொன்னேன். ரொம்ப நன்றிம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

16.3.1996

அம்மாவிடம் சொன்னேன். அழுதார். அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் வந்து உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னது: “போறவன் போகட்டும் வள்ளி. நீ அங்க போயி அசிங்கப்படாத லா.”

நான் ஏன் அசிங்கப்படணும்? நான் என்ன செஞ்சேன்? நம்ம ஊருக்குத் தெரியாம இன்னொரு தாலி கட்டப் போறவன் அவன். இவங்க எல்லாரும் என்னையே வாயை மூடச் சொல்றாங்க. மாட்டேன்.

17.3.1996, ஞாயிறு

பலகையைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கைப்பையில் கல்யாணப் போட்டோவும் பதிவுச் சான்றிதழும். புக்கிட் பூத்துஸ் மலை வளைவுகளில் பலகை நழுவாமல் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. ஒரு தடவைதான்.

வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் போட்டோவை வைத்தேன்.

பெண்ணின் அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கல்யாணத்தைக் கெடுக்க வந்தவள், எவனோ அனுப்பி வந்தவள் என்று கத்த ஆரம்பித்தார். திருநாவுக்கரசு போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், எழவே இல்லை.

பூங்கொடி சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். சின்னப் பெண். போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மந்தின்ல கூடப் பொறந்த அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கும் புள்ளைக்கும் நாந்தான் தொணைன்னு சொன்னாரு. அந்த அக்கா நீங்களா?”

“ஆமா. அந்த அக்கா நாந்தான்.”

சிரிப்பு வந்தது எனக்கு. சிரிக்கவில்லை. அவள் அழவில்லை, கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான். வாசல் வரை யாரும் வரவில்லை. பஸ் வரும்வரை வெயிலில் நின்றேன்.

19.3.1996

வந்தான். இனிமேல் ‘வந்தார்’ இல்லை.

தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றே கத்தினான். அக்கம்பக்கம் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். கதவைச் சாத்து என்று அம்மா கெஞ்சினார். சாத்தவில்லை. கேட்கட்டுமே.

“பலகையத் தொடைக்கிறதுதான உன் வேல? எதுக்குடி அங்க போன?”

“தொடைச்சேன். பேரு தெரிஞ்சிச்சு. போனேன்.”

அப்புறம் குரல் இறங்கியது. பெரிய மனசு பண்ணு, அந்த வீட்டுக்குப் போய் நாம் எப்போதோ பிரிந்துவிட்டோம் என்று சொல் என்றான். முடியாது என்றேன். மலரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றான். அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொட்டுப் பார், என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. மலர் என் பின்னால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டுத் தாயம்மா அக்கா விறகுக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அவன் போய்விட்டான்.

22.3.1996

கல்யாணம் நின்றுவிட்டதாம். கடைக்கே செய்தி வந்துவிட்டது.

வாடிக்கையாளர் வீட்டு விஷயத்தில் தலையிடும் ஆளைக் கடையில் எப்படி வைத்துக்கொள்வது என்று லியூ கேட்டார். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார். அது என் வீட்டு விஷயமும்தான் என்றேன். நான் துடைத்த பலகையில் என்றைக்காவது கறை இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் நாளைக்கு வருவேன் என்றேன்.

23.3.1996

போனேன். என் மேசைமேல் லியூ ஒரு புது பிரஷ் வைத்திருந்தார்.

10.6.1996

நானே விவாகரத்து கேட்டு மனு போட்டுவிட்டேன். அவன் விடுவதற்கு முன் நான் விடுகிறேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

17.2.1997

கோர்ட்டில் எனக்குச் சாட்சி என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனால் பூங்கொடி வந்தாள். தனியாக. அவளுடைய அப்பாவுக்கு இஷ்டமில்லையாம். அவன் சொன்ன பொய் ஒவ்வொன்றையும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவன்தான் தரையைப் பார்த்தான்.

வெளியே வந்து இருவரும் மீ கோரெங் சாப்பிட்டோம். அவனைப் பற்றிப் பேசவில்லை. நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். காரம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சம்பால் கேட்டு வாங்கினாள்.

4.5.1997, ஞாயிறு

தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மலரோடு போனேன். விவாகரத்து ஆன பிறகு, கழுத்தில் தாலி இல்லாமல் முதல் தடவை. அதற்காகவே நல்ல சிவப்புச் சேலையாகக் கட்டிக்கொண்டேன்.

அன்னதான வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா, வெளியூர்க்காரர், வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார். முன்பெல்லாம் ஜொகூரில் வேலை என்பேன்.

“இல்லம்மா. நான் விட்டுட்டேன்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு வரிசை நகர்ந்தது. மலர் இன்னொரு அப்பளம் வேண்டும் என்றாள். கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.