ஏறத் தொடங்கிய அளவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் அண்ணன் காதில் விழாமல் இந்தச் சின்ன வீட்டில் எதையும் பேச முடிவதில்லை.

முதலில் நல்ல சேதி. அவருக்குக் கல்லீரலில் ஆபரேஷன் செய்த தையல் நன்றாக ஆறிவிட்டது. பசி எடுக்கிறது. உப்பு பத்தவில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கும் அரை நாள் போய் வருகிறார்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனோம். கட்டி இருந்தபோது ரத்தத்தில் ஒரு புரதம் ஏகத்துக்கும் கூடியிருந்ததே, ஆபரேஷனுக்குப் பிறகு அது இறங்கிவிட்டது என்று உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னோமே, அது இப்போது மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது. ஸ்கேனில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் மருந்து வாங்க எழுந்து போனதும் டாக்டரம்மா என்னை இருக்கச் சொன்னார். வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்ததில் வேறொரு புரதமும் நிறைய இருந்ததாம். அப்படிப்பட்டவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதை அதிகம் பார்க்கிறோம், உறுதியாகச் சொல்ல முடியாது, எதற்கும் தயாராக இருங்கள் என்றார். தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

வெளியே வந்ததும், டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உங்கள் அண்ணன் கேட்டார். புரதம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம், அவ்வளவுதான் என்றேன். சிரித்தார். "முட்டை சாப்பிடு, புரதம் வேணும்னு சொன்னதும் இவங்கதான். இப்ப கூடிப்போச்சுங்கறதும் இவங்கதான்." நானும் சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு ரிப்பேராக முடிக்கிறார். ஒழுகும் குழாய், இழுத்தால் வராத ஜன்னல். ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, என்னையே கம்பி சுற்ற வைத்துப் பார்க்கிறார். எனக்கெதற்கு, நீங்கள்தான் இருக்கிறீர்களே என்றேன். கம்பியை மறுபடியும் அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது, ஷூவைக் கட்டியபடியே என் முகம் பார்க்காமல் சொன்னார்: "தம்பிய ஒரு நடை வரச் சொல்லு. உடம்புக்குன்னு சொல்லாத. பார்க்கணும் போல இருக்குன்னு சொல்லு."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். அதற்குள் வந்துவிடுங்கள். இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எப்போதும்போல் அவரை வம்புக்கு இழுங்கள், சத்தமாகச் சிரியுங்கள். உங்கள் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

வருவதற்கு டிக்கெட் எடுங்கள், தம்பி. திரும்பிப் போவதற்கு இப்போது எடுக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
அண்ணி